வடகம் போக மிச்சமெல்லாம் வெள்ளை

ஆந்திரா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், சுண்ணாம்பு நைனாவைப் போல என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்ட ஆள் கிடைக்கமாட்டார். இத்தனைக்கும் மனிதர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அவர் வீடு ஜில்லென்று இருந்தது, என் வீடு அப்படி இல்லை. அவ்வளவுதான் தகராறு.

திருப்பதியில் ஏழை எளியவர்களுக்கென்று அரசாங்கம் எப்போதோ கட்டிக்கொடுத்த காலனி எங்களுடையது. இரண்டு வீட்டுக்கு ஒரே காங்கிரீட் கூரை, நடுவில் ஒரு சுவர். சித்திரை பிறந்துவிட்டால் அந்தக் கூரையில் தோசை வார்க்கலாம். சுவருக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம், பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற நைனா.

கண்ணில் பட்டதற்கெல்லாம் வெள்ளையடிப்பார். அவர் பக்கத்து மாடி, தண்ணீர்த் தொட்டி, ஸ்கூட்டர் சீட்டு, ஒருமுறை அசந்து தூங்கிய தெருநாயின் வால். மேற்குச் சுவரில் பூசணிக்கொடி ஏற்றினார். அதைத் தின்ன மலையிலிருந்து குரங்குகள் குடும்பத்தோடு இறங்கி வந்தன. ஜன்னலில் ஈரக் கோணி கட்டினார், அதில் காளான் முளைத்தது. ஆனாலும் உள்ளே போனால் மார்கழி மாதம்தான்.

யார் வீட்டுக்குப் போனாலும் நலம் விசாரிக்கமாட்டார். நேராகப் போய்ச் சுவரில் புறங்கையை வைத்துப் பார்ப்பார்.

"அய்யய்யோ, இந்தச் செவுத்துக்கு ஜொரம் கொதிக்குதே!"

மத்தியானம் ஆனால் என் மனைவி வசந்தா கீரைக்கட்டைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்விடுவாள். காலனிப் பெண்கள் பாதிப்பேர் அங்கேதான். நான் மட்டும் இங்கே வெந்துகொண்டிருப்பேன். வசந்தா வாய்விட்டுச் சிரிக்கும் சத்தம் சுவரைத் தாண்டி வரும். என் வீட்டில் அவள் அப்படிச் சிரித்ததில்லை. பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான்.

வீம்புக்கு ஏசி வாங்கிப் போட்டேன். காலனியின் பழைய வயர் அதைத் தாங்காமல் புகைந்தது. வசந்தா கீரையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நைனா ஒருநாள் மாடியில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சாரு, உன் பக்கத்துச் சூடு என் வூட்டுக்குள்ள வந்துக்கினே கீது. உன் பாதியையும் அடிச்சுடறேனே?"

"வேணாம் நைனா. கூரை கருப்பா இருந்தாத்தான் வடகம் காயும்."

"வெள்ளைல கூடக் காயும் சாரு."

"எங்க வடகம் காயாது."

அந்தக் கோடையில் மொட்டை போட்டுக்கொள்ளத் திருமலைக்குப் போனோம். மாடியில் பழைய வேட்டி விரித்து வடகம் பிழிந்திருந்த வசந்தா, "நைனா, கொரங்கு வராம பாத்துக்கோங்க. யாரையும் தொட வுடாதீங்க" என்று அவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தாள். மறுநாள் திரும்பி வந்து கதவைத் திறந்தால், வேறு யார் வீட்டுக்கோ வந்துவிட்டோமோ என்று சந்தேகம். ஜில்லென்று இருந்தது.

மாடிக்கு ஓடினேன். என் பாதி முழுக்கப் பளீரென்று வெள்ளை. வடகம் இருந்த இடம் மட்டும் அப்படியே கருப்பு.

"வடகத்தத் தொடக் கூடாதுன்னு வசந்தம்மா சொல்லிக்கீதே. அதான் சுத்தி அடிச்சுட்டேன்" என்றார் நைனா, பெருமையாக.

அந்தக் கருப்புக் கட்டம் சரியாக என் கட்டிலுக்கு மேலே இருந்தது. வீடே குளிர்ந்திருக்க, என் மொட்டைத் தலையில் மட்டும் அனல் இறங்கியது. கட்டிலை நகர்த்தினால் அவர் ஜெயித்துவிடுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். வசந்தா பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். நம் வீட்டுக்குள்ளேயே சிரிக்கிறாளே என்பது எனக்கு உறைக்கக் கொஞ்சம் நேரமானது. அப்புறம் எழுந்துபோய் அவர் கதவைத் தட்டினேன்.

"நைனா, அந்தக் கட்டத்தையும் அடிச்சுடுங்க."

அவர் என் மொட்டையில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "எறங்கிடும் சாரு. பயப்படாதே."

அதன்பிறகு மத்தியானக் கச்சேரி எங்கள் வீட்டுக்கு மாறியது. நைனாவும் வந்து உட்கார்ந்துகொண்டார். வசந்தா முதல் டம்ளர் மோரை அவருக்குத்தான் கொடுப்பாள். அதற்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருஷம் அவர் நாயுடுபேட்டையில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார். மகள் குடியிருப்பதும் இதேபோல ஒரு பழைய காலனிதான். இந்தச் சித்திரையில், வசந்தா சொல்லாமலேயே, நானாகப் பஸ் ஏறினேன். நைனா ஏணியில் நின்றபடி யார் வீட்டு மாடிக்கோ சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"நம்ம காலனிக்கு எப்ப வருவீங்க நைனா?"

"பாதித் தெரு பாக்கி கீது சாரு. எப்டி வுட்டுட்டு வர்றது?"

அதற்குள் அந்த வீட்டுப் பெண் ஒருத்தி மோரோடு வந்து, "வெயில்ல நிக்க வெச்சுப் பேசாதீங்க சார், எங்க நைனாவுக்கு ஒத்துக்காது" என்றாள்.

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அவர் உங்கள் நைனா இல்லை அம்மா, எங்கள் நைனா என்று நடுத்தெருவில் நின்று கத்தவேண்டும்போல் இருந்தது.