வரலாறாகிப் போன கக்கூஸ்

பண்டாரவளையில் பேரோடும் புகழோடும் வாழும் மச்சான் ரெங்கசாமி அவர்களின் சமூகத்திற்கு, ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்துக் கீழ்ப்பிரிவு லயத்திலிருந்து நல்லையா வணங்கி எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கை ரெங்கம்மாவும், மகள் துஷாந்தினியும், கறவை மாடும் நலம். கக்கூஸ் மட்டும் நலமில்லை. போனில் சொன்னால் சிரித்துவிட்டு வைத்துவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை நீங்கள் உங்கள் மகனுக்குத் துஷாந்தினியைப் பரிசம் போட வருவதற்குள் பழைய கக்கூஸை இடித்துவிட்டு டைல்ஸ் போட்டுப் புதிதாகக் கட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன் அல்லவா? சனிக்கிழமை நல்ல நேரம் பார்த்து நாலு அடிதான் அடித்தேன். மூலைத் தூணில் சாந்து உதிர்ந்தது, உள்ளே பார்த்தால் தண்டவாளம்! நாலு மூலைக்கும் நாலு துண்டு. அந்தக் காலத்தில் பதுளைக்கு ரயில் பாதை போட்டபோது மிஞ்சியதை நம் ஆட்கள் தூக்கி வந்து நட்டுவிட்டார்கள் போல. அதில் ஏதோ இங்கிலீசு எழுத்தும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் என்று ஒரு வருசமும் இருந்தன. எப்படித்தான் மோப்பம் பிடித்தாரோ, பதுளை டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் புவாத், அவர்தான் ரயில் மரபுச் சங்கத்துக்கும் தலைவர், பூதக்கண்ணாடியோடு வந்து இறங்கிவிட்டார். "நல்லையா அண்ணே, இது கக்கூஸ் இல்ல, வரலாறு. இனிமே இதுல யாரும் கை வைக்கப்படாது" என்றார். "கையே வைக்கப்படாதுன்னா, மத்ததெல்லாம் எங்க தம்பி வைக்கிறது?" என்று கேட்டேன். அதற்குச் சங்கத்தில் விதி இல்லையாம்.

அன்றைக்குப் பிடித்தது சனியன். சுற்றிக் கயிறு கட்டி, மூன்று பாசையிலும் 'தொடாதீர்கள்' என்று போர்டு வைத்தாயிற்று. தெமோதரை பாலம் பார்க்க வந்த வெள்ளைக்காரர்களை ஆட்டோக்காரன் இங்கே திருப்பிவிடுகிறான். நான் உள்ளே இருக்கும்போதே கதவுக்கு எதிரில் நின்று போட்டோ பிடிக்கிறார்கள் மச்சான், வெளியே வந்தால் கை வேறு தட்டுகிறார்கள்! அவசரத்துக்குப் பக்கத்து வீட்டுக்கு ஓடினால் அந்தச் சிவசக்தி வாசலில் நின்றுகொண்டு, "டிக்கெட் எடுத்தீங்களா அண்ணே?" என்கிறாள். மானம் போகிறது.

இந்த லட்சணத்தில் உங்களையும் அக்காவையும் பத்துப் பதினைந்து சனத்தோடு எப்படி அழைப்பது? காலையில் வந்தால் சாயங்காலம்வரை அடக்கிக்கொண்டா இருப்பீர்கள்? ஆகையால் சங்கம் ஒரு முடிவு சொல்லும்வரை பரிசத்தைத் தள்ளிப்போடுவோம். மாப்பிள்ளை ஜெயகுமார் தங்கமான பிள்ளை, அதில் குறையே இல்லை. ஆனால் துஷாந்தினிக்கு என்ன அவசரம், இருபத்தாறு எல்லாம் ஒரு வயசா?

அக்காவுக்கு என் வணக்கத்தையும் மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதத்தையும் சொல்லவும். உங்கள் முழங்கால் வலிக்கு நம் மாரியம்மன் கோயில் திருநீறு உள்ளே மடித்து வைத்திருக்கிறேன்.

என்றும் உங்கள் சொல் தட்டாத மச்சான்,
நல்லையா

பி.கு.: அண்ணே, ரெங்கம்மா எழுதுறேன். தபால்ல போடச் சொல்லி என்கிட்டதான் குடுத்தாரு. புவாத் தம்பிய போன் பண்ணி வரவழச்சதே இவருதான். அந்தப் புள்ள பாத்துட்டு, "இந்த மாதிரி தண்டவாளம் ஊருக்குள்ள நூறு கெடக்கு, ஒடச்சிட்டுக் கட்டுங்க அண்ணே"ன்னு சொல்லிட்டு டீயக் குடிச்சிட்டுப் போயிருச்சு. போர்டு இவரே எழுதுனது. வெள்ளக்காரவங்க வந்தது ஒரே ஒரு தடவ, அதுவும் வழி கேக்க. போன தடவ மழைன்னு தள்ளிப் போட்டாரு, அதுக்கு முந்தி மாடு கன்னு போடுதுன்னாரு. நேத்து துஷாந்தினி துணிமணியெல்லாம் பெட்டியில அடுக்குறதப் பாத்துட்டு, சோறுகூட திங்காம படுத்துக்கிட்டாரு. பண்டாரவளை என்ன சீமையா, ரயிலேறுனா ரெண்டு மணி நேரம்னு சொன்னா, "அது போற வழிக்குடி, திரும்பி வரையில என்கூட யாரு இருக்கா"ங்கிறாரு. நீங்க வெள்ளிக்கிழமையே வாங்க. மருமகன மட்டும் வியாழக்கிழமையே ஒரு கடப்பாரையோட அனுப்பிவிடுங்க. ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு ஒடைக்கட்டும். இவருக்கும் பழகிரும்.