ஊர்களுக்கு மார்க் போடுகிறவர்

குடியிருக்க ஊர் தேடுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. வீடு தேடுகிறவர்களோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவர்களுக்கு வீடு கிடைத்தால் தேடல் முடிந்துவிடும். இவர்களுக்கு அது முடியவே கூடாது.

நம்மவர் ஓய்வுபெற்ற நில அளவையர். வீட்டுக்காரரின் மகள் குடிவரப் போவதால், ஆறு மாதத்தில் காலி செய்ய வேண்டும். "இந்த நகரத்து இரைச்சல் போதும், ஏதாவது சின்னக் கல்லூரி ஊரா பார்த்துப் போயிடலாம்" என்று தையல்காரியான மனைவி சொன்னதுதான் தாமதம், மனிதர் நோட்டில் கட்டம் போட்டுவிட்டார். ஞாயிறுதோறும் பஸ் ஏறினார். நிறுத்தத்தில் கடிகாரமும் கையுமாக நின்றார். மர நிழலை அடிக்கணக்கில் அளந்தார். தெரு நாய்களை எண்ணி, குரைப்பவை, குரைக்காதவை என்று பிரித்தெழுதினார். டீக்கடையில் விசாரணை நடத்தினார்.

"தண்ணி எப்படிங்க?"

"இப்பதான் கொதிக்க வெச்சேன் சார்."

"அதில்லைங்க, ஊர்த் தண்ணி!"

"ஊருக்கும் இதேதான் சார்."

மருத்துவக் கல்லூரி ஊரில் தும்மினால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். அரை மார்க் கழிவு. விவசாயக் கல்லூரி ஊரில் காற்று சுகம், ஆனால் பேச்செல்லாம் உரத்தைப் பற்றி. பொறியியல் கல்லூரி ஊரில் விடுமுறை விட்டால் சலூன்கூடத் திறப்பதில்லை. எப்படிக் கூட்டினாலும் மூன்றும் சமம். இப்படியே ஐந்து மாதம் போயிற்று.

"இருபது நாள்தான் இருக்கு. எந்த ஊரு?" என்றாள் மனைவி.

"அவசரப்படாதே. மழைக்காலத்துல ஒரு தடவை பார்த்துடுறேன்."

அவள் புதன்கிழமை காலையில் தனியாகப் பஸ் ஏறினாள். சாயங்காலம் சாவியோடு வந்தாள்.

"எதை வெச்சு முடிவு பண்ணே?" அவர் நோட்டை விரித்தார்.

"ஜன்னலோரம் மெஷின் போட வெளிச்சம் இருக்கு. பக்கத்து வீட்டம்மா கூப்பிட்டு உட்கார வெச்சுப் பேசினாங்க. வேற என்ன வேணும்?"

தன் பரீட்சையை வேறு யாரோ எழுதி, பாஸும் ஆகிவிட்டதைப் போல அவருக்கு வலித்தது. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் பாத்திரங்களை மூட்டை கட்டினார். புது வீட்டில் முதல் மதியமே மாதக்கணக்கில் காணாத தூக்கம் வந்தது. அதை அவர் ஒப்புக்கொள்வாரா என்ன?

பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் வந்தார். "ஊர் பிடிச்சிருக்கா சார்?"

"பரவாயில்லை. ஆனா அந்த இன்னொரு ஊர்ல காத்து..."

"நானும் அதேதான் சொல்றேன்! வந்து இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. இன்னும் முடிவு பண்ணல."

நம்மவர் ஆசையாக நாற்காலியை வேலியோரம் இழுத்துப் போட்டார். உள்ளே தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

எல்லாம் சரி, அந்த அம்மாள் மூன்றில் எந்த ஊரைத்தான் பிடித்தாள் என்று உங்கள் மனம் குறுகுறுக்கிறதா? அப்படியானால் ஜாக்கிரதை. வேலியோரம் இன்னொரு நாற்காலிக்கு இடமிருக்கிறது.