அத்தான் எடுத்து நடத்தும் சேவல் வழக்கு

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. பகல் முழுக்க அத்தான் என்னிடம் இருக்கும்போது உன் நலத்துக்கு என்ன குறை.

ஓய்வு பெற்ற வக்கீல் வீட்டில் உட்கார்ந்து மிக்ஸி சத்தத்துக்கெல்லாம் ஆட்சேபணை சொல்கிறார், கொஞ்ச நாள் உன் சட்ட நூலகத்தில் வைத்துக்கொள் என்று நீதான் அனுப்பினாய். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், எங்கள் நூலக மாத மடலில் ‘அந்தக் கால விந்தைகள்’ பக்கம் காலியாக இருக்கிறது, ஏதாவது எழுதுங்கள் அத்தான் என்றேன். அவர் பழைய ஆவணங்கள் கிடக்கும் அடித்தளத்துக்குப் போய் தும்மிக்கொண்டே ஒரு பழைய வழக்குக் கட்டைத் தூக்கி வந்தார். பக்கத்து வீட்டுச் சேவல் விடியுமுன் கூவித் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று ஒரு தையல்காரர் போட்ட வழக்கு. தையல்காரர் ஜெயித்தார், சேவலை ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள், கதை முடிந்தது. நாலு வரியில் எழுதிவிட்டுப் போகவேண்டியதுதானே? அத்தானோ தீர்ப்பே தப்பு என்கிறார். சேவலின் தரப்பை யாரும் கேட்கவில்லையாம். மடல் முழுக்க மேல்முறையீடு. புதுப் புத்தகங்களின் பட்டியலுக்கும் விடுமுறை அறிவிப்புக்கும் இடமில்லை. அது போதாதென்று படிப்பறையில், ‘அமைதி காக்கவும்’ பலகைக்கு நேர் கீழே நின்று, கூவல் எவ்வளவு மெல்லியது என்று கூவியே நிரூபித்தார். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பெண் பேனாவைத் தவறவிட்டாள்.

அதையும் பொறுத்தேன் அக்கா. நேற்றுப் பழைய ஆவணக் கண்காட்சியின் திறப்பு விழா. நூலகக் குழுத் தலைவரான நீதிபதி வந்தார். அடித்தளத்தைக் காலி செய்து கார் நிறுத்தலாமா என்று முடிவு செய்யப்போகிறவரே அவர்தான். எப்படியாவது மனிதரைக் குளிர்வித்து அனுப்பலாம் என்று பார்த்தால், அவர் ரிப்பனைத் தொடுமுன் அத்தான் அந்த வழக்குக் கட்டோடு முன்னால் போய் நின்றார்.

“இந்தச் சேவல் வழக்குத் தீர்ப்பு செல்லாதுங்க.”

“எந்த அடிப்படையில?”

“சேவலுக்கு நோட்டீஸே போகலைங்க.”

நீதிபதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். தேநீர் ஆறியது, கூட்டம் கொட்டாவி விட்டது, கத்தரிக்கோலைத் தட்டில் ஏந்தி நின்ற என் கை மரத்துப்போனது. கடைசியில் டிரைவர் தேடி வந்தபோது, நீதிபதி அந்த வழக்குக் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார். ரிப்பன் வெட்டவே இல்லை. அத்தான் என்னிடம், “ஆளு கொஞ்சம் ஆடிப்போயிட்டாரு, கவனிச்சியா?” என்றார். என் பிழைப்பு ஆடிப்போனதை அவர் கவனிக்கவில்லை.

ஆகவே அக்கா, நாளை முதல் அத்தானை வாசற்படி தாண்ட விடாதே. செருப்பை ஒளித்துவை, சட்டைகளை ஒட்டுமொத்தமாகத் தண்ணீரில் ஊறப்போடு, எனக்குக் கவலையில்லை. பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல்லவேண்டாம். அதற்கும் பதில் வாதம் வைப்பார்.

இப்படிக்கு,
நொந்துபோன தம்பி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் நீதிபதியின் உதவியாளர் வந்தார். அடித்தளத்தை யாரும் தொடக்கூடாதாம். வழக்குக் கட்டை முழுக்கப் படித்த நீதிபதி, வெள்ளிக்கிழமை தையல்காரர் தரப்பில் தானே வாதாட வருகிறாராம். எதிர்த்தரப்பு தவறாமல் ஆஜராக வேண்டுமாம். அத்தானை நல்ல சட்டை போட்டுக் கட்டாயம் அனுப்பு. நீதிபதிக்கு உதவி வக்கீல் நான்தான். அத்தான் என்ன பாயிண்டு வைத்திருக்கிறார் என்று சாப்பாட்டு வேளையில் மெதுவாகக் கேட்டு, எனக்கு மட்டும் எழுது.