டர்போ பாயின் திறந்த பானட்

லோடு அடிப்பதற்கென்று பிக்கப் வண்டி வாங்கி, அதில் ஒரு வெங்காய மூட்டையைக்கூட ஏற்றாமல், பானட்டைத் திறந்து வைத்தே காலம் தள்ளிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் நான் தென்காசியில் குடியிருந்த தெருவில் எனக்கு எதிர்வீட்டுக்காரராக வாய்த்தார். என் ஜாதகம் அப்படி. அவர் பெயர் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. டர்போ பாய் என்றால் சுரண்டை சந்தை வரைக்கும் தெரியும்.

வாலிபம் முழுவதையும் வளைகுடாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பின் டீசல் புகைக்குக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பியவர் பாய். அதற்குள் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன் அதே வளைகுடாவுக்கு விமானம் ஏறிவிட்டான். மாடி வைத்துக் கட்டிய வீட்டில் ஒற்றை ஆள்.

“வீடாவே அது? அங்கன ஒரே ரூமுல எட்டு பேரு கெடந்தோம். கொறட்டையில ஒறக்கம் வராது. இங்கன கொறட்டை இல்லாம ஒறக்கம் வர மாட்டேங்குது” என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எனக்குத்தான் சிரிப்பு வராது.

வண்டி வாங்கிய அன்றே தெருமுனையில் நின்றுவிட்டது. பாய் பானட்டைத் தூக்கினார். பத்திரிகை வைத்து அழைத்தாலும் கல்யாணத்துக்கு வராதவன், பானட் திறந்திருந்தால் கூப்பிடாமலே வந்துவிடுவான். அதுதான் நம்ம ஊர். பலசரக்குக் கடைக்காரர் “பேட்டரிதான்” என்றார். ரிட்டையர்ட் வாத்தியார் “டீசல்ல தண்ணி கலந்திருக்கு” என்றார். சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டத் தெரியாத நான், “ஃபேன் பெல்ட்டா இருக்குமோ?” என்று கேட்டுவைத்தேன். பாய் எல்லாருக்கும் டீ வரவழைத்தார். கொஞ்ச நேரத்தில் வண்டி உறுமியது. பானட் மூடியது, கூட்டமும் கலைந்தது. தெருவில் பாய் மட்டும் நின்றார்.

மறுநாள் காலை பானட் மறுபடி திறந்திருந்தது.

“என்ன பாய், திரும்பவும் மக்கரா?”

“மக்கர் இல்லவே. கேம்ஷாஃப்ட் மாத்தப் போறேன்.”

இன்ஜினின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டாம் அது. வேறு தண்டு போட்டால் வால்வு இன்னும் நன்றாகத் திறக்குமாம், காற்று தாராளமாகப் போகுமாம், வண்டி மலையேறுமாம்.

“நீங்க எந்த மலைக்குப் போகப் போறீங்க?”

“போவணும்னு வந்துட்டா?” என்றார்.

அந்தத் தண்டை உருவி, புதியதை மாட்டி, பல்சக்கரத்தில் இருக்கும் அடையாளங்களைப் புள்ளிக்குப் புள்ளி சேர்த்து முடிக்கும்வரை தெருவே இன்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றது. எல்லாரிடமும் யோசனை கேட்டார். ஒருத்தர் சொன்னதையும் செய்யவில்லை. ஆனால் ஒருத்தரையும் போகவும் விடவில்லை.

அடுத்தது டர்போ. வெளியே போகிற புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை ஊதித் தள்ளுகிற சமாச்சாரம். வண்டியில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. அது போதாதாம். சின்னதும் பெரியதுமாக இரண்டு வேண்டுமாம்.

“ஒத்த டர்போ பாவம்வே. தனியாக் கெடந்து ஊதுது” என்றார்.

சோதனை ஓட்டத்துக்கு என்னைத்தான் பிடித்துப் போட்டார். சீசன் நேரம், நல்ல சாரல். மேலகரம் தாண்டியதும், “இப்பம் பாரும்” என்று ஆக்ஸிலேட்டரை மிதித்தார். ஒன்றும் நடக்கவில்லை.

“பெரிய டர்போ முழிக்க நேரமாவும்வே.”

சரிதான் என்று கைப்பிடியை விட்டேன். அந்த நேரம் பார்த்து முழித்துக்கொண்டது. அடுத்து நான் கண்ணைத் திறந்தபோது குற்றாலம் வந்திருந்தது. பின்னால் கிளம்பிய கரும்புகை, ரோட்டோரம் ஒரு மசாஜ்காரரிடம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு வெளியூர்க்காரர் மேல் மொத்தமாக இறங்கியது. எண்ணெயில் கரி ஒட்டினால் கேட்க வேண்டுமா! தேய்த்துவிட்ட மசாஜ்காரர் திகைத்துப்போய்க் கத்தினார்.

“பாய்! நான் தேய்ச்சிக்கிட்டிருந்த ஆளு எங்க?”

டீசலையும் காற்றையும் சரிக்கட்டி அந்தப் புகையை அடக்குவதற்கு மறுபடியும் தெரு கூடியது. கடைசியில் ஒருநாள், செங்கோட்டை தாண்டி மலைச்சாலையில் ஏறி, புகையும் இல்லாமல் முனகலும் இல்லாமல் வண்டி திரும்பி வந்தது. எல்லாரும் பாய்க்குக் கை கொடுத்தார்கள். பாய் பானட்டை மூடினார்.

மறுநாள் யாரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. வாத்தியார் தன் வாசலில் பேப்பர் படித்தார். கடைக்காரர் கடையைப் பார்த்தார். பாய் இன்ஜினை ஓடவிட்டு வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். எங்கேயும் போகவில்லை. பக்கத்து சீட்டில் டீ ஃப்ளாஸ்க், அதன் மேல் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய கப்புகள்.

“என்ன பாய்?”

“எல்லாம் சரியாப் போச்சுவே” என்றார், யாரோ இறந்துவிட்ட செய்தியைச் சொல்வதுபோல.

நான் காதைச் சாய்த்து நின்றேன். “என்னமோ விசில் மாதிரி வருதே பாய்?”

“விசிலா? என் இன்ஜின்லயா? ஒமக்குக் காது அடைச்சுப் போச்சாவே?” என்று குதித்து இறங்கினார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்து, “ஆமாவே, லேசாக் கேக்கத்தான் செய்யுது” என்றபடி பானட்டைத் தூக்கினார்.

“அடப்பாவி, திரும்பவுமா?” என்று கடைக்காரர் கல்லாவைப் பூட்டிக்கொண்டு ஓடிவந்தார். வாத்தியார் பேப்பரை மடித்தார். பாய் ஃப்ளாஸ்க்கைத் திறந்து கப்புகளைப் பிரித்தார். இல்லாத விசிலைப் பற்றி ஆளுக்கொரு தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தபோது, சாரல் காற்றோடு சாய்ந்து அடிக்க ஆரம்பித்தது.

“நனைஞ்சிரும்வே” என்று பாய் மனசில்லாமல் பானட்டில் கை வைத்தார்.

நான் குடையை விரித்து இன்ஜினுக்கு மேலே நீட்டினேன்.

“மூடாதீங்க பாய். நான் பிடிச்சிக்கிடுதேன்.”