புகை போட்ட வாங்கு

படித்தவர்கள் இருக்கும் வீட்டில் சாமான்கள் அதிக காலம் உழைப்பதில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய் எட்டாம் வகுப்புத் தேறியவள் நான். (அந்தச் செய்தி தெரியாத ஆடுமாடுகூட எங்கள் ஊர் நீர்வேலியில் கிடையாது.)

அக்காவைப் பெண் பார்க்கத் தெல்லிப்பழையிலிருந்து வர இருந்தார்கள். முன்பு பேசிய சம்பந்தம் குழம்பியதால் இதை விட்டுவிட ஐயாவுக்கு மனமில்லை. மாப்பிள்ளையின் தகப்பனார் பெரிய சரீரம். அவர் இருந்து எழும்பிய கதிரைகள் பிறகு கதிரைகளாக இருந்ததில்லை என்று தரகர் எச்சரித்திருந்தார். ஆகவே அந்தச் சரீரம் இருக்கவென்று ஐயா மாமரத்தடியில் பலகை அடித்து, நீளச் சீமெந்து வாங்கு ஒன்று வார்ப்பித்தார். மேசன் அதை ஈரச் சாக்கால் மூடி, "சாக்குக் காயாமல் தண்ணி ஊத்துங்கோ" என்று சொல்லிவிட்டு அரியாலைக்கு வேறு வேலைக்குப் போய்விட்டார்.

மறுநாள் வாளியோடு போன அம்மாவை மறித்தேன்.

"ஈரத்திலை கிடந்தால் எப்பிடியம்மா இறுகும்? மண்சட்டியைச் சூளையிலை எல்லோ வைக்கிறது."

ஐயா வாழைத் தோட்டக்காரர். "பிள்ளை சொல்லுறது சரி. வாழைக்குலையும் புகை போட்டாத்தானே கெதியாப் பழுக்குது" என்றார்.

விஞ்ஞானமும் விவசாயமும் ஒன்றுகூடின. சாக்கை எறிந்துவிட்டு வாங்கைச் சுற்றி வாழைச்சருகு அடைத்து, பக்கத்தில் தேங்காய்ப் பொச்சுமட்டை மூட்டிப் புகை போட்டோம். பெண் பார்க்கும் நாள் காலையில் பலகைகளைக் கழற்றினோம். நான் விரலால் தட்டிப் பார்த்து, "முத்தீட்டுது" என்று தீர்ப்புச் சொன்னேன்.

மாப்பிள்ளையின் தகப்பனார் வந்தார். இருந்தார். அந்த இருத்தல் நிலம்வரை போய்த்தான் முடிந்தது. வாங்கு பிட்டு மாதிரி உதிர்ந்து கிடந்தது. அம்மா தேத்தண்ணி மூக்குப்பேணியோடு சிலையாகிவிட்டார். கதவுக்குப் பின்னால் அக்கா விசும்புவது கேட்டது.

அவர் நிலத்தில் இருந்தபடியே மூக்கை உறிஞ்சினார்.

"என்ன, புகை மணக்குது?"

"இறுகட்டுமெண்டு புகை போட்டனாங்கள்." ஐயாவுக்குப் பொய் சொல்ல வராது.

"ஆரின்ரை யோசனை?"

"எங்கடை படிச்ச பிள்ளையின்ரை." (அந்த நேரத்திலும் குரலில் ஒரு பெருமை.)

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொம்பிளையும் படிச்சவவோ?"

"இல்லை. பள்ளிக்கூடப் பக்கமே போகேல்லை."

"அப்ப எங்களுக்குச் சம்மதம். கையைத் தாங்கோ, எழும்ப."

சீமெந்து காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரைக் குடித்துக் குடித்தே இறுகுகிறது என்று பிறகு ஒரு புத்தகத்தில் வாசித்தேன். (படிப்பு வீண்போகவில்லை.) அதே மேசன் அதே கலவையில் இன்னொரு வாங்கு வார்த்தார், இம்முறை அம்மா கலியாணம் நெருங்கும்வரை சாக்கைக் காயவிடவில்லை. அதில் சம்பந்தி தன் தம்பியையும் பக்கத்தில் இருத்தி வெற்றிலை போட்டார். வாங்கு அசையவில்லை.

ஆனாலும் அத்தான் இன்றுவரை எங்கள் வீட்டில் எதில் இருக்க முன்னும், அது வெறும் பாயாக இருந்தாலும், என்னைப் பார்த்துக் கேட்பார்:

"மச்சாள், இதிலை நீர் கை வைக்கேல்லைத்தானே?"