இசக்கியப்பனுக்கு ஓர் இத்தாலிச் சுவர்

சுவரைச் சுரண்டினால் செங்கல் தெரியும் என்று வேல்ராஜ் நம்பியிருந்தான். தெரிந்ததோ சாம்பல் நிறச் சிமென்ட் கல். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் வாடகைக்கு விடவென்றே அவசரமாக எழுப்பிய அறையில் வேறென்ன தெரியும்?

எல்லாம் இசக்கியப்பனுக்காக. வேல்ராஜ் பகல் ஷிப்ட், அவன் இரவு ஷிப்ட். கம்பெனியும் வேறு. எட்டு மாதமாக ஒரே அறை, ஒரே பாய். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஞாயிறானால் அவன் அக்கா வீட்டுக்குப் போய்விடுவானாம். சாமான் என்று ஒரு பைதான். அதையும் தோளிலேயே கொண்டுபோவான். போன் நம்பர் கேட்கவும் கூச்சம். கவிழ்த்து வைத்த டம்ளரைப் பார்த்து, 'ஆள் வந்து போயிருக்கான்' என்று வேல்ராஜ் மனசைத் தேற்றிக்கொள்வான். ஊரை விட்டு வந்தவனுக்கு இங்கே இருந்த ஒரே உறவு அதுதான்.

போன மாதம் வீட்டுக்காரம்மா கன்னியம்மா வேல்ராஜ் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டாள்.

"அந்தப் புள்ளைக்கு ரூமு புடிக்கலையாம். காலி பண்ணிடும் போலக் கீது."

வேல்ராஜுக்குச் சோறு இறங்கவில்லை. இசக்கியப்பன் சுவரில் ஒட்டியிருந்த காலண்டர் தாள் கண்ணில் பட்டது. இத்தாலிக் கிராமத்து வீடு: காறை பெயர்ந்த செங்கல் சுவர், பூண்டுச் சரம், மிளகாய்ச் சரம், முரட்டு மேசை. அவனுக்குப் பிடித்த அறை இதுதானே!

கம்பெனி லைனில் பக்கத்தில் நிற்கும் வசந்த் என்ற பையனிடம் யோசனை கேட்டான்.

"சிமென்ட் கல்லாண்ணா? காவிய அடி, செங்கல் மாரி கோடு போடு."

"நல்லா இருக்குமாடே?"

"இத்தாலிக்காரனே வாடகைக்கு வந்துடுவான்!"

காவி அடித்தான். மறுநாள் வேலை முடிந்து வந்தால், சுவர் பூசி வெள்ளையடிக்கப்பட்டிருந்தது.

சரி, சுவர் பிடிக்கவில்லை என்று சரங்களைக் கட்டினான். மறுநாள் பூண்டைக் காணோம். மிளகாய் மட்டும் எலுமிச்சம்பழத்தோடு சேர்ந்து வாசலில் தொங்கியது.

பேக்கிங் பலகையில் மேசை அடித்தான். மறுநாள் மேசை மேல் அகல் விளக்கு, பக்கத்தில் திருநீற்றுப் பொட்டலம்.

வேல்ராஜுக்குக் கால் தரையில் பாவவில்லை. நெற்றி நிறையப் பூசிக்கொண்டு லைனுக்குப் போனான்.

"துன்னூறெல்லாம் வாங்கி வச்சிருக்கான்டே. எம்மேல அம்புட்டுப் பிரியம்!"

"நேர்ல பேசுனியாண்ணா?"

அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. மறுநாளே லீவு போட்டான். இரண்டு டம்ளரில் டீயை ஊற்றி வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டாருக்குக் காத்திருப்பவன் போல உட்கார்ந்தான். ஒரு டீ ஆறியது. இன்னொன்றும் ஆறியது.

காலை ஒன்பது மணிக்குக் கதவு திறந்தது. ஒரு கையில் சாவி, மறு கையில் வேப்பிலைக் கொத்துடன் கன்னியம்மா திடுக்கிட்டு நின்றாள்.

"இன்னா தம்பி, வேலைக்குப் போவல?"

"இசக்கியப்பனப் பாக்கணும்க்கா. இந்த ரூம அவன் எப்படிப் பாத்துக்கிடுதான் தெரியுமா! இனி காலி பண்ண மாட்டான்."

கன்னியம்மா ஆறிப்போன இரண்டு டம்ளரையும் பார்த்தாள். அவள் கண் கலங்கியது. வேப்பிலையை மெல்ல அவன் தலையில் வைத்தாள்.

"நான் சொன்ன மறாநாளே அது காலி பண்ணிக்கினு போயிடுச்சு கண்ணு; நீ தனியா செவுத்த சொரண்டிக்கினு கெடக்குறியேன்னு, காத்து கருப்பு அண்டிடுச்சோன்னு பயந்து, நான்தான் வெள்ளையடிச்சி, தெனம் வந்து மந்திரிச்சிக்கினு கீறேன்!"