கச்சேரிக்குப் போய்க் கொள்ளி வைத்தவன்

இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை. இப்போது நம்புகிறாயா என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். மணிமாறன் அப்படிச் செய்திருக்க மாட்டான் என்பதல்ல என் சந்தேகம். அவன் என் பக்கத்துக் கடைக்காரன். எதையும் செய்யக்கூடியவன், எதிலும் மாட்டிக்கொள்ளக்கூடியவன். என்னை உறுத்தியது வேறு. கதையைச் சொன்னது அவன் இல்லை. அவன் மனைவி அறிவுச்செல்வி.

திருச்செங்கோட்டில் மணிமாறனுக்கு, போர்வெல் போடுகிற ரிக் வண்டிகளுக்கான உதிரிபாகக் கடை. இளவயதில் அவனே ரிக்கோடு வடக்கே போய்ப் பாறைக்கு நடுவில் கிடந்தவன். கம்ப்ரசர் அலறுகிற சத்தத்துக்குப் பக்கத்தில் பாயை விரித்துத் தூங்கிய காது அது. அதில் மெல்லிசை எப்படி ஏறும்? நாக்பூர் பக்கம் ஒரு டிரைவரின் செல்போனில் ரெக்ஸ் என்கிற பெங்களூர் ராக் பாடகனின் குரலைக் கேட்டான். அடுத்த நாளே ரசிகனாகிவிட்டான். "நாலு ரிக்கு ஒண்ணா எறங்குனாப்புல இருக்குதுடா" என்றான் என்னிடம். அவன் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது.

ரெக்ஸுக்காக முடி வளர்த்தான். தோள் வரைக்கும். ராக் கச்சேரியில் தலையை உதறுவதற்கு முடி வேண்டும் என்பது அவன் சித்தாந்தம். வீட்டில் அப்படிச் சொல்ல முடியாது.

"குளிக்கற ரூமுல தண்ணி போக மாட்டீங்குது. எல்லாம் உங்க முடிதானுங்க" என்பாள் அறிவுச்செல்வி.

"வேண்டுதல் முடி அறிவு. கை வெக்கக் கூடாது."

"எந்தச் சாமிக்குங்க?"

"வெளிய சொன்னாப் பலிக்காது."

சாமி பெயரைச் சொன்னால் அவளும் அவளுடைய அம்மா வீட்டாரும் வேன் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். ஆகவே பெயரில்லாத ஒரு சாமியை நம்பி அந்த முடி வளர்ந்துகொண்டிருந்தது. ஐம்பதை நெருங்குகிற மனிதனுக்கு வீட்டில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் மிச்சம். டிவி ரிமோட் அவனுடையது இல்லை. கடைச் சாவிகூட இரவில் அவள் தலையணைக்கு அடியில்தான் இருக்கும்.

ரெக்ஸைப் பற்றி அவளுடைய அபிப்பிராயம் ஒரே வரிதான். "அந்தாளு பல்லு வலியிலயா கத்தறான்?" பெங்களூருக்கு ஒருமுறை போய்வந்து, தொண்டை கட்டி, ஒரு வாரம் அவன் கடையில் சைகையிலேயே வியாபாரம் பார்த்தான். இனிமேல் கச்சேரி என்ற பேச்சு வீட்டுக்குள் வரக்கூடாது என்று அப்போதே உத்தரவாகிவிட்டது.

அப்படியிருக்க, ரெக்ஸ் சேலத்துக்கே வருவதாகச் செய்தி வந்தது. ஐந்து ரோடு பக்கம் ஒரு ஓட்டலின் அடித்தளத்தில் புதிதாகத் திறந்த கிளப்பில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் கச்சேரி. மாதமோ சித்திரை.

மணிமாறன் இரண்டு நாள் யோசித்தான். ராக் கச்சேரிக்குப் போனவன் எப்படித் திரும்பி வருவான்? உடுப்பெல்லாம் நனைந்திருக்கும். குரல் போயிருக்கும். கண் சிவந்திருக்கும். ஆள் தளர்ந்திருப்பான். இதே கோலத்தில் ஒரு குடும்பஸ்தன் வீட்டு வாசலில் வந்து நின்று, யாரும் ஒரு கேள்வி கேட்காத சந்தர்ப்பம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. எழவு.

எழவுக்குப் போனவன் ஈர வேட்டியோடுதான் வீட்டுக்கு வரவேண்டும். அழுதால் தொண்டை கட்டத்தான் செய்யும். இந்த யோசனை தோன்றியபோது தன் மூளையை நினைத்து அவனுக்கே கொஞ்சம் பயமாக இருந்திருக்கும்.

ஆள்தான் வேண்டும். உயிரோடு இருப்பவரைக் கொல்ல மனசு வரவில்லை. புதிதாக ஒருவரை உண்டாக்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்படிக்குப் போய் நின்றான்.

"அறிவு, ஒரு கெட்ட சேதி."

"கேஸ் தீந்துருச்சுங்களா?"

"மனுசனே தீந்துட்டாரு. வெண்ணந்தூர்ப் பெரியப்பா."

"எந்தப் பெரியப்பாங்க?"

"சின்னண்ணன்னு பேரு. எங்கப்பாவுக்கு ஒண்ணுவிட்ட அண்ணன்."

"நான் இந்த ஊட்டுக்கு வந்து இத்தன வருசத்துல அப்படி ஒரு ஆளக் கேள்விப்பட்டதே இல்லீங்களே."

"நம்ம கல்யாணத்துக்கு வரல. கோவிச்சுக்கிட்டாரு."

"எதுக்குங்க கோவம்?"

"பத்திரிகை வெக்கலைன்னு."

"இருக்கறதே தெரியாத ஆளுக்கு எப்படிங்க பத்திரிகை வெக்கறது?"

"அதேதான் அவரு கோவமும்."

அவள் சட்டினிக்குத் தேங்காய் துருவுவதை நிறுத்தினாள். "பாவம். பங்காளி எழவாச்சுங்களே. நானும் வாரனுங்க."

மணிமாறன் அவசரமாகக் கையை ஆட்டினான். "நீயெதுக்கு இந்த வெயில்ல? உனக்குக் கும்மி இருக்குதல்ல?"

அறிவுச்செல்வி வள்ளிக் கும்மிக் குழுவில் இருக்கிறாள். எங்கள் பக்கத்தில் இப்போது தெருவுக்கு ஒரு குழு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பயிற்சி; திரும்பி வரும்போது சேலை வியர்வையில் நனைந்திருக்கும், குரல் கம்மியிருக்கும். அதை யாரும் கேட்பதில்லை.

"இருக்குதுங்க. கமலவேணியக்கா வேன் சொல்லியிருக்கறாங்க."

"கும்மிக்கு எதுக்கு வேனு?"

"வெளியூர்க் குழுவோட சேந்து ஆடறமுங்க. எழவுன்னா வேண்டாம், நான் நின்னுக்கறேன்."

"சேச்சே. ஒத்த ஆளு இல்லீன்னா வட்டம் கெட்டுப் போயிரும். நீ போ."

"சரிங்க."

ஒரே சொல்லில் ஒத்துக்கொண்டாள். கல்யாணமானதிலிருந்து அவள் எதையும் ஒரே சொல்லில் ஒத்துக்கொண்டதில்லை. மணிமாறன் அதைத் தன் சாமர்த்தியத்தின் கணக்கில் சேர்த்துக்கொண்டான்.

எழவுக்குப் போகிறவன் கறுப்பு டீ-ஷர்ட் போட முடியாது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையிலேயே கிளப்புக்குள் இறங்கினான். கார் நிறுத்தக் கட்டிய இடம் அது. மேலே கை தூக்கினால் கூரையைத் தொடலாம். நூறு பேருக்கான இடத்தில் ஊரே நின்றது. அவன் கண்ணுக்குப் பட்டவரைக்கும் எல்லாம் கல்லூரிப் பிள்ளைகள். வேட்டி கட்டியவன் அவன் ஒருவன்தான். முதல் பாட்டு முடிவதற்குள் ஏசி நின்றுபோனது. சுற்றியிருந்த பிள்ளைகள் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்.

"அண்ணா, ஏசி பாக்க வந்தீங்களா?" என்றான் ஒருவன்.

"பாட்டுக் கேக்க வந்தேன் சாமி."

"சும்மா சொல்லாதீங்கண்ணா. சீக்கிரம் பாருங்க, வேகுது."

உண்மையிலேயே வெந்தது. இட்லிச் சட்டிக்குள் எட்டிப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருந்து பார்த்தவர்கள் அன்றைக்கு அங்கே இருந்தவர்கள். வியர்வை ஆவியாகிக் கூரைக்குப் போய், அங்கே இடமில்லாமல் சொட்டுச் சொட்டாகத் திரும்பி வந்தது. யாருடைய வியர்வை யார் மேல் விழுகிறது என்று பேதமில்லை. கையைத் தூக்கியவர்களுக்கு இறக்க இடமில்லை. ஒரு பெண் மயங்கினாள். விழ இடமில்லாததால் நின்றபடியே தெளிந்தாள். மணிமாறன் தன் முடியை ஒரு உதறு உதறினான். அக்கம்பக்கத்தில் மூன்று பேர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவன் இருந்ததில்லை.

பிறகு கரண்ட்டும் போனது. கிடார் ஊமையானது. மைக் செத்தது. இருட்டில் ரெக்ஸ் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். அப்போது கூட்டத்தின் பின்பக்கத்திலிருந்து ஒரு கைதட்டல் கிளம்பியது. கன்னாபின்னாவென்று தட்டுகிற தட்டல் இல்லை. எல்லாக் கையும் ஒரே கையாக விழுந்தது. கணக்கான தட்டல், நடுவில் ஒரு இடைவெளி, பிறகு இரட்டைத் தட்டு. ரெக்ஸ் காது கொடுத்துக் கேட்டான். மைக் இல்லாமல், கிடார் இல்லாமல், அந்தத் தட்டலின் மேலேயே ஏறி மிச்சப் பாட்டைப் பாடி முடித்தான்.

விளக்கு மங்கலாக வந்ததும், "பின்னாடி யாருங்க அது? இந்த மாதிரி தாளம் எனக்கு வாழ்க்கையில கெடைச்சதில்ல" என்று கும்பிட்டுவிட்டு, தன் கழுத்திலிருந்த கறுப்புத் துண்டை உருவி அந்தப் பக்கம் பார்த்து வீசினான். ஓரத்தில் வெள்ளிச் சரிகையில் அவன் பெயர் போட்ட துண்டு.

துண்டு மணிமாறன் தலைக்கு நேராக வந்தது. அவன் எகிறினான். விரல் பட்டேவிட்டது. அந்த நொடியில் பின்னாலிருந்து ஒரு கை அவன் முடியைக் கொத்தாகப் பிடித்துக் கீழே இழுத்தது. இன்னொரு கை துண்டைப் பறித்தது. வேட்டியைக் காப்பாற்றிக்கொண்டு அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் தலைகள் மூடிக்கொண்டன.

துண்டு போனால் போகிறது, முடியாவது மிஞ்சியதே என்று தலையைத் தடவிக்கொண்டே வெளியே வந்தான். வழியில் ஒரு தோட்டத்துக் கிணற்று மோட்டார் கொட்டாயில் வண்டியை நிறுத்தி, வேட்டி சட்டையோடு தொட்டியில் முங்கினான். எழவு வீட்டுத் தண்ணீரும் கச்சேரி வியர்வையும் ஒரே வாசனை அடிக்காது என்கிற அளவுக்கு அவனுக்கு முன்யோசனை உண்டு. அதில் அரைமணி நேரம் போனது.

வீட்டுக்கு வந்தபோது அறிவுச்செல்வி கும்மி முடிந்து வந்து, குளித்து, கேட்டுக்கு வெளியே ஒரு குடம் தண்ணீரோடு நின்றிருந்தாள்.

"அங்கயே நில்லுங்க. தீட்டோட உள்ள வந்துறாதீங்க." குடத்தைத் தலையில் கவிழ்த்தாள். அவள் குரலும் கரகரத்தது. "எப்படிங்க, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?"

"கூட்டம் தாங்கல அறிவு."

"கோவக்கார மனுசனுக்கு அவ்வளவு கூட்டமுங்களா? தொண்டையே போயிருச்சே உங்களுக்கு."

"அழாம இருக்க முடியுமா? ரத்தபாசம்."

"பாவம், கொளந்த குட்டி இருக்குதுங்களா அவருக்கு?"

வாரிசு என்று யாரையாவது சொன்னால் நாளைக்கே துக்கம் கேட்கக் கிளம்பிவிடுவாள். "ஒண்ணுமில்ல. ஒண்டிக்கட்டை."

"ஐயோ சாமி. கொள்ளி வெக்கக்கூட ஆளில்லாமப் போயிட்டாரா?"

அவள் கண்ணில் அப்படியொரு இரக்கம். மணிமாறன் நெஞ்சு நிமிர்ந்தது. "நான் ஒருத்தன் இருக்கறப்ப ஆளில்லாம எப்படிப் போவாரு?"

"நீங்களா வெச்சீங்க?"

"இந்தக் கையால வெச்சேன்."

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். அவன் தலையை நிதானமாகப் பார்த்தாள். தண்ணீர் சொட்டச் சொட்டத் தோள் வரைக்கும் கிடந்த முடியைப் பார்த்தாள்.

"கொள்ளி வெச்ச தலைல முடி எப்படிங்க இருக்கும்?"

மணிமாறன் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டான்.

"அது... மொட்டை அடிக்கற ஆளு வரல."

"அப்ப அரைக் காரியத்துல எந்திரிச்சு வந்துட்டீங்களா? அந்த மனுசன் உசுரோட இருந்தப்பவே பத்திரிகை வெக்கலைன்னு கோவிச்சவரு. இதுக்குச் சும்மா உடுவாருங்களா?"

"அறிவு, இது வேண்டுதல் முடி."

"தீட்டு முடிய எந்தச் சாமியும் வாங்காதுங்க. சாமிக்கு நான் சொல்லிக்கறேன். எந்தச் சாமின்னு மட்டும் சொல்லுங்க."

சாமி பெயரைச் சொன்னால் வேன் வந்துவிடும். கச்சேரிக்குப் போனேன் என்று சொல்லலாம். சொன்னால் முடி பிழைக்கும். அவன் பிழைப்பானா என்பது தெரியாது. யோசித்து முடிப்பதற்குள் தெருமுனை சலூன்கார ஆனந்தகுமார் பெட்டியோடு வந்துவிட்டான்.

"அண்ணி போன் பண்ணாங்கண்ணா. துக்கம்னாங்க. உக்காருங்க."

வாசலில் முக்காலி போட்டார்கள். ஆனந்தகுமார் கத்தியை எடுத்துவிட்டு, "கழுத்துல போத்த ஒரு பழைய துணி குடுங்கண்ணி" என்றான்.

அறிவுச்செல்வி உள்ளே போய் ஒரு துண்டை எடுத்து வந்து, தன் கையாலேயே கணவன் கழுத்தைச் சுற்றிக் கட்டினாள்.

கறுப்புத் துண்டு. ஓரத்தில் வெள்ளிச் சரிகை. அதில் ஒரு பெயர்.

மணிமாறன் துண்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். வாயைத் திறந்தான். இது உனக்கு ஏது என்று கேட்கலாம். கேட்டால், இது யாருடையது என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்பாள்.

வாயை மூடிக்கொண்டான்.

"என்னுங்க, ஏதாச்சும் சொல்ல வந்தீங்களா?"

"இல்ல புள்ள."

"அப்பத் தலையக் குனிங்க."

முடி ரெக்ஸின் பெயர்மேல் கொத்துக் கொத்தாக விழுந்தது. பெரியப்பாவின் கருமாதி வரைக்கும் அந்த வீட்டில் கறி இல்லை, முட்டை இல்லை. நாமக்கல் ஜில்லாவில் முட்டை இல்லாமல் ஒரு மனிதனை வைப்பது சின்னத் தண்டனை இல்லை. அவன் முறையாக அனுஷ்டித்தான். இன்றைக்குக் கேட்டாலும், "கொள்ளி வெச்சேன், மொட்டை போட்டேன்" என்பான். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவனிடமிருந்து யாரும் வாங்கியதில்லை. நானும் முயன்று பார்த்தேன். சின்னண்ணப் பெரியப்பாவை நினைத்து என் முன்னாலேயே கண் கலங்கினான்.

மற்றதையெல்லாம் நான் அறிவுச்செல்வி சொல்லித்தான் அறிவேன். வேட்டியைப் பார்த்து ஏசி ரிப்பேர்காரனா என்று கேட்ட பையன், நின்றபடியே மயங்கித் தெளிந்த பெண், இருட்டில் விழுந்த இரட்டைத் தட்டு, எல்லாம். சொல்லும்போது அந்தக் கிளப்புக்குள் ஒரு இடத்திலும் தன்னை அவள் சேர்த்துக்கொள்ளமாட்டாள். அதனால்தான் நான் நம்பவில்லை. வாயைத் திறக்காத புருஷன் கண்ட காட்சியெல்லாம் இவளுக்கு எப்படித் தெரியும், சோடித்துச் சொல்கிறாள் என்று நினைத்தேன். போன மாதம் கோயில் திருவிழாவில் அவர்கள் குழு கும்மியடித்தது. கணக்கான தட்டல், நடுவில் ஒரு இடைவெளி, பிறகு இரட்டைத் தட்டு. வட்டத்தில் எல்லாருடைய இடுப்பிலும் சாதாரணத் துண்டு. அறிவுச்செல்வி இடுப்பில் மட்டும் கறுப்பு. எனக்குப் புத்தி அவ்வளவு மெதுவாகத்தான் வேலை செய்யும்.

ஆட்டம் முடிந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தட்டத்தோடு நின்று எல்லாருக்கும் மோர் கொடுத்துக்கொண்டிருந்தான் மணிமாறன். அவன் முடியை அதற்குப் பிறகு வளர்க்கவில்லை. அவன் அந்தப் பக்கம் நகர்ந்ததும் அவளிடம் கேட்டேன். பறித்தது யார் என்று கேட்கவில்லை, அதுதான் தெரிந்துவிட்டதே. எனக்கு வேண்டியிருந்தது வேறு.

"அம்மிணி, அந்தக் கூட்டத்துல தலையத் தவிர ஒண்ணுமே தெரியலைன்னு நீதான் சொன்ன. கொத்தாப் புடிச்சு இழுத்தியே, அது மணியோட முடின்னு தெரிஞ்சுதான் இழுத்தியா?"

"குளிக்கற ரூமுல தெனம் அள்ளிப் போட்ட முடிங்க, எனக்குத் தெரியாதுங்களா?" என்று துண்டை உதறி இடுப்பில் கட்டிக்கொண்டாள்.